கேரமாண்டா, பாஸ்கர்வில்லா? முதலில் இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலக் காலாண்டுக் கட்டுரை இதழ் ஒன்றின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றிருக்கிறார் இந்த வாசகர். 170 × 240 மி.மீ. அளவு, 96 பக்கம், பூச்சில்லாத 90 கிராம் தாள், ஆஃப்செட் அச்சு. எழுத்துப் பரப்பின் அகலம் 115 மி.மீ. நீண்ட கட்டுரைகள், நிறைய அடிக்குறிப்புகள், இதழுக்கு மூன்று நான்கு அட்டவணைகள். அதே கட்டுரைகள் இணையத்திலும் வரும். பல எழுத்துருக்களைப் பார்த்துக் கழித்துவிட்டு ஈபி கேரமாண்ட், லிப்ரே பாஸ்கர்வில் என்ற இரண்டில் வந்து நிற்கிறார்.

இரண்டையும் 11 பாயின்ட்டில் போட்டு வீட்டு லேசர் பிரின்டரில் எடுத்துப் பார்த்திருக்கிறார். கேரமாண்ட் 96 பக்கத்துக்குள் அடங்குகிறது, ஆனால் பொடியாகத் தெரிகிறது. பாஸ்கர்வில் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் 122 பக்கம் போகிறது. சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழுகிறது. அவர் தரவிறக்கிய பாஸ்கர்வில் தொகுப்பில் சாதாரணம், இட்டாலிக், போல்ட் என மூன்றே கோப்புகள். ஸ்மால் கேப்ஸ் (சிறிய எழுத்தின் உயரத்துக்கு வரைந்த பெரிய எழுத்துகள்) இல்லை. ஆசிரியருக்கு பாஸ்கர்வில்தான் வேண்டும். “அந்த எழுத்தில் அச்சிட்டால் ஜனங்கள் நம்புகிறார்கள் என்று ஆய்வே சொல்கிறது” என்கிறார். பொருளாளருக்கு கேரமாண்ட் வேண்டும். மை குறைவாகச் செலவாகும் என்று படித்திருக்கிறார். வாசகரோ, தலைப்புகளுக்கும் இணையதளத்துக்கும் கணினியோடு வந்த பாஸ்கர்வில்லையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்: “இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய எழுத்து, இதற்கெல்லாம் யார் உரிமை கேட்கப் போகிறார்கள்?”

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சொல்லியிருக்கும் தாள், அளவு, அடிக்குறிப்பு, அட்டவணை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் என் யோசனை ஈபி கேரமாண்ட். ஆனால் நீங்கள் எடுத்த சோதனைப் பிரதி அந்த முடிவுக்கு ஆதாரம் ஆகாது. பாஸ்கர்வில்லை மறுப்பதற்கும் ஆகாது. ஏனென்றால் நீங்கள் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தது இரண்டு எழுத்துருக்களை அல்ல, இரண்டு அளவுகளை.

பாயின்ட் என்பது எழுத்து உட்கார்ந்திருக்கும் கற்பனைப் பெட்டியின் உயரம். அந்தப் பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பது வடிவமைத்தவரின் விருப்பம். படிக்கும்போது கண் அளவெடுப்பது பெட்டியை அல்ல, எக்ஸ்-உயரத்தை. அதாவது கொம்பும் வாலும் இல்லாத சின்ன எழுத்துகளின் உயரத்தை. ஈபி கேரமாண்டில் அது பாயின்ட் அளவில் ஏறத்தாழ 40 சதவீதம். லிப்ரே பாஸ்கர்வில்லில் ஏறத்தாழ 53 சதவீதம். 11 பாயின்ட்டில் ஒன்றின் எக்ஸ்-உயரம் 4.4 பாயின்ட், மற்றதற்கு 5.8. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெரிது. ஒன்று பொடியாகவும் மற்றது இதமாகவும் பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். 122 பக்கத்தில் பெரும்பகுதிக்கும் இதுவே காரணம்.

ஓட்டைகளும் இங்கிருந்துதான் வருகின்றன. 115 மி.மீ. வரியில் 11 பாயின்ட் லிப்ரே பாஸ்கர்வில் போட்டால் வரிக்கு அடங்கும் எழுத்துகள் குறைந்துவிடும். சொல் இடைவெளிகளும் குறையும். இரு பக்கமும் சமன்செய்த பத்தியில் மிச்சமாகும் வெள்ளையை அந்தச் சில இடைவெளிகள்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டை விழாமல் என்ன செய்யும்? குறை எழுத்துருவுடையது அல்ல.

சோதனையை மறுபடி எடுங்கள், இப்படி

இரண்டு எழுத்துருவிலும் சிறிய ‘எக்ஸ்’ எழுத்தை 100 பாயின்ட்டில் அடித்து, அவுட்லைனாக மாற்றி, உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நான் சொன்ன சதவீதங்களை விட, உங்கள் கையில் இருக்கும் கோப்பில் நீங்கள் அளந்த எண்தான் கணக்கு. ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகள் உலவுகின்றன. பிறகு இரண்டையும் ஒரே எக்ஸ்-உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கேரமாண்ட் 11.5 என்றால் பாஸ்கர்வில் சுமார் 8.75 வரும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தாளில் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும். வரி இடைவெளியை இரண்டுக்கும் 14.5 பாயின்ட் என்றே வையுங்கள்.

பத்தி அமைப்பும் ஒன்றாக இருக்கட்டும். சொல்பிரிப்பு இயங்க வேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் சொல் இடைவெளி குறைந்தது 80, இயல்பு 100, அதிகபட்சம் 125. எழுத்தை நீட்டிச் சுருக்கும் அளவு 100-ஐ விட்டு நகரக் கூடாது. ஐந்து முழு வரிகளை எடுத்து இடைவெளியோடு சேர்த்து எழுத்துகளை எண்ணி ஐந்தால் வகுங்கள். 60-க்கும் 72-க்கும் நடுவில் வந்தால் வரி நீளம் சரி.

எழுத்தின் உடல்வாகு அகலம் என்பதால் பாஸ்கர்வில் இப்போதும் சற்றுக் கூடுதல் இடம் கேட்கலாம். ஆனால் 26 பக்க வித்தியாசம் இருக்காது. ஒரு பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் 96 பக்கம் ஆறு ஃபாரம். 122 என்றால் எட்டு ஃபாரமாகி 128-இல் போய் நிற்கும். பொருளாளரைக் கலங்கடித்திருப்பது அந்த இரண்டு ஃபாரம்தான்.

சோதனைக்கு அழகான கட்டுரையை எடுக்காதீர்கள். இதழிலேயே மிகச் சிக்கலான நான்கு பக்கங்களை எடுங்கள். அடிக்குறிப்பு பாதிப் பக்கத்தைப் பிடித்த பக்கம், அட்டவணை உள்ள பக்கம், நீண்ட மேற்கோள் இட்டாலிக்கில் ஓடும் பக்கம், பிறமொழிப் பெயர்கள் மேற்குறி கீழ்ப்புள்ளியோடு நிறைந்த பக்கம். கடைசியாகச் சொன்ன பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து இல்லாமல் போனாலும் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுவிடும், அல்லது வெற்றுக் கட்டம் விழும். இட்டாலிக் ‘எஃப்’ எழுத்தை அடைப்புக்குறி, கேள்விக்குறி, மேற்கோள்குறி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடித்துப் பாருங்கள். அதன் வளைந்த தலை அடுத்த குறியில் போய் இடிக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

லேசர் பிரதியை நம்பாதீர்கள்

வீட்டு லேசர் பிரின்டர் பெரும்பாலும் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்); டோனர் தூள் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கிவிடும். ஆஃப்செட் பிளேட் 2400 டி.பி.ஐ. அளவில் எடுக்கப்படுகிறது, மெல்லிய கோடு மெல்லியதாகவே இறங்கும். பூச்சுள்ள தாளில் அது அப்படியே நிற்கும், எழுத்து நீங்கள் வீட்டில் பார்த்ததை விட வெளிறித் தெரியும். பூச்சில்லாத தாளோ மையை உறிஞ்சும். கோடு மறுபடி கொஞ்சம் பருக்கும்.

உங்கள் தாள் இரண்டாவது ரகம். இது கேரமாண்டுக்குச் சாதகம்; அதன் எழுத்துகள் மையை உறிஞ்சும் தாளுக்காகவே பிறந்தவை. பாஸ்கர்வில்லின் பிறப்பு வேறு. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் 1757-இல் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, வழவழப்பான தாள், கருத்த மை, அச்சான தாளைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்துவது என்று எல்லாவற்றையும் தன் எழுத்துக்கேற்ப மாற்றிக்கொண்டார். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பது அவர் நோக்கம்.

அதைத் திரைக்காக மாற்றியதுதான் லிப்ரே பாஸ்கர்வில். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தின் 1941 வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, எக்ஸ்-உயரத்தை ஏற்றி, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையை அகலமாக்கி, தடிப்பு வித்தியாசத்தைக் குறைத்திருக்கிறார்கள். 16 பிக்சலில் உரைநடை படிக்க அருமை. அதே குணங்கள் தாளில் எதிராகத் திரும்புகின்றன. எக்ஸ்-உயரத்தோடு ஒப்பிட்டால் கொம்பும் வாலும் குட்டை, பக்கம் சற்று இறுக்கமாக, நிரப்பினாற்போல் தெரியும். நீண்ட கட்டுரையை 20 பக்கம் தொடர்ந்து படிப்பவருக்கு அந்த இறுக்கம் உறைக்கும்.

கேரமாண்டின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். சோதனைப் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய ‘ஈ’ (e) எழுத்தின் மேலே இருக்கும் கண் மிகவும் சின்னது, அதன் குறுக்குக்கோடு உயரத்தில் இருக்கிறது. சிறிய ‘ஏ’ (a) எழுத்தின் வயிறும் அப்படித்தான். மை கூடினால் முதலில் அடைபடுவது இந்த இரண்டு ஓட்டைகள். 11.5 பாயின்ட்டில் சமாளிக்கும். 8 பாயின்ட் அடிக்குறிப்பில் ‘ஈ’ (e) எது, ‘சீ’ (c) எது என்று தடுமாற வைக்கும்.

ஆகவே அடிக்குறிப்பை 9.5 பாயின்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், வரி இடைவெளி 12. அதிலேயே எக்ஸ்-உயரம் 1.34 மி.மீ.தான். கியார்க் டுஃப்னர் தொடங்கிய இந்தத் திட்டத்தின் ஆரம்பத் தொகுப்பில் 12 பாயின்ட்டுக்கு ஒரு வெட்டும் (அந்த அளவுக்கென்றே வரைந்த வடிவம்), சின்ன அளவுக்கென்றே சற்று உறுதியாக வரைந்த 8 பாயின்ட் வெட்டும் உண்டு. அடிக்குறிப்புக்கு அந்த இரண்டாவது வெட்டைச் சோதித்துப் பாருங்கள். அது ஒத்துவராவிட்டால் இப்போதைய தொகுப்பில் உள்ள மீடியம் எடையைப் பயன்படுத்தலாம்.

எழுத்தை நூறு சதவீதக் கருப்பில், கருப்புத் தட்டில் மட்டும் அச்சிடுங்கள். அடிக்குறிப்பைச் சாம்பல் நிறமாக்கும் ஆசை எல்லா வடிவமைப்பாளருக்கும் வரும். சாம்பல் என்றால் புள்ளிகள். புள்ளிகளால் ஆன மெல்லிய செரிஃப் (எழுத்து முனையில் நிற்கும் சிறு கோடு) ரம்பப்பல்லாகிவிடும். நான்கு வண்ணக் கருப்பும் கூடாது. தட்டுகள் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

இயன்றால் அச்சகத்தில் கேளுங்கள்: இதே தாளில் வேறு வேலை ஓடும்போது, அதன் மிச்ச இடத்தில் உங்கள் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் போட முடியுமா என்று. அதற்குப் பதிலாக டிஜிட்டல் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கி வந்து முடிவெடுக்காதீர்கள், அதுவும் டோனராகவே இருக்கக்கூடும்.

ஆசிரியரின் ஆய்வும் பொருளாளரின் மையும்

ஆசிரியர் குறிப்பிடுவது 2012-இல் நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் நடத்திய வினாவிடை. ஒரு கூற்றை ஆறு எழுத்துருக்களில் மாற்றி மாற்றிக் காட்டி, ஏற்கிறீர்களா என்று வாசகர்களைக் கேட்டார். பாஸ்கர்வில் முந்தியது உண்மை. முந்திய அளவு மிகச் சிறியது. அந்த ஆறில் கேரமாண்ட் இல்லவே இல்லை. ஜார்ஜியா, ஹெல்வெட்டிகா, காமிக் சான்ஸ், ட்ரெபுஷே, கம்ப்யூட்டர் மாடர்ன் ஆகியவற்றோடுதான் பாஸ்கர்வில் போட்டியிட்டது. திரையில் பார்த்த ஒரு சிறு பத்தியிலிருந்து, தாளில் வரும் 96 பக்க இதழுக்கும் அங்கே இல்லாத எழுத்துருவுக்கும் முடிவு சொல்ல முடியாது. ஆசிரியரோடு வாதம் செய்வதை விட ஒரு காரியம் செய்யுங்கள். சமன்செய்த சோதனைப் பக்கங்களில் எழுத்துருவின் பெயர் இல்லாமல் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் குறித்து அவரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முழுக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பெயரை மறைத்த பிறகும் அவர் பாஸ்கர்வில்லையே எடுத்தால் அந்த விருப்பத்துக்கு மதிப்பு கொடுக்க வேண்டியதுதான்.

மைக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். அதே பாயின்ட்டில் கேரமாண்ட் சிறிய எழுத்து, அதனால் மை குறைகிறது. படிக்க வசதியான அளவுக்கு ஏற்றியதும் அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி போய்விடும். உங்கள் செலவில் பெரியது தாள். மையை மறந்துவிட்டு ஃபாரத்தை எண்ணச் சொல்லுங்கள்.

போலி ஸ்மால் கேப்ஸ், போலி போல்ட்

உங்கள் கடிதத்தில் முடிவைத் தீர்மானிக்கும் வரி என்று நான் எடுத்துக்கொண்டது ‘மூன்றே கோப்புகள், ஸ்மால் கேப்ஸ் இல்லை’ என்பதை. கட்டுரை இதழில் சுருக்கப் பெயர்கள், நூற்றாண்டுக் குறிகள், பக்கத் தலைப்புகள் எல்லாம் ஸ்மால் கேப்ஸ் கேட்கும். எழுத்துருவில் அது இல்லாவிட்டால் மென்பொருள் பெரிய எழுத்தைச் சுருக்கிப் போட்டு ஒப்பேற்றும். இன்டிசைனில் இயல்பு அளவு 70 சதவீதம். உயரத்தோடு கோட்டின் தடிப்பும் 70 சதவீதமாகிவிடும். பக்கத்தில் உள்ள எழுத்துகளுக்கு நடுவே அந்தச் சொல் மட்டும் இளைத்துக் கிடக்கும். போல்ட் இட்டாலிக் கோப்பு இல்லாத இடத்தில் உலாவியும் இதே வேலையைச் செய்யும்: போல்ட்டைச் சாய்த்தோ இட்டாலிக்கைத் தடிப்பாக்கியோ காட்டும். ஸ்டைல்ஷீட்டில் ஃபான்ட்-சிந்தசிஸ் (font-synthesis) என்பதற்கு நன் (none) என்று கொடுத்துவிட்டால் எங்கெல்லாம் போலி ஓடுகிறது என்று உடனே வெளிச்சத்துக்கு வரும்.

ஈபி கேரமாண்டில் ஸ்மால் கேப்ஸ் வரைந்தே இருக்கிறது. எண்களும் இரண்டு பாணியிலும் உண்டு. உரைநடைக்குள் மேலும் கீழும் இறங்கும் பழைய பாணி எண்கள், அட்டவணைக்கு ஒரே உயரமும் ஒரே அகலமும் கொண்ட எண்கள். இரண்டையும் கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உடல் உரைக்கு ஒரு பத்தி ஸ்டைல், அட்டவணைக்கு ஒரு பத்தி ஸ்டைல், ஒவ்வொன்றிலும் ஓப்பன்டைப் அமைப்பில் எண் பாணியை ஒருமுறை குறித்துவிட்டால் போதும். அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்றாக 1,111 என்றும் 8,888 என்றும் அடித்துப் பாருங்கள். வலது ஓரமும் காற்புள்ளியும் நேராக நிற்க வேண்டும்.

திரையில் என்ன செய்வது?

இணையத்தில் ஈபி கேரமாண்டை 16 பிக்சலில் விட்டுவிட்டுத்தான் பலரும் ‘மெலிந்து தெரிகிறது’ என்கிறார்கள். லிப்ரே பாஸ்கர்வில்லின் 16 பிக்சலுக்கு ஈடாக இதற்கு 21 பிக்சல் தேவை. கைபேசியில் 20, கணினியில் 21 அல்லது 22, வரி உயரம் 1.4 என்று தொடங்குங்கள். கருப்புப் பின்னணிப் பயன்முறை இருந்தால் அங்கே எழுத்தின் எடையைச் சோதித்துப் பாருங்கள். வெள்ளை எழுத்து சில திரைகளில் பரந்து தடிக்கும், சிலவற்றில் இழைகள் மறையும்.

எழுத்துரு இறங்கும்வரை ஜார்ஜியாவில் காட்டுவதாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. ஜார்ஜியாவின் எக்ஸ்-உயரம் சுமார் 48 சதவீதம். எழுத்து மாறும் நொடியில் பத்தி சுருங்கி, படித்துக்கொண்டிருந்த வரி இடம்பெயரும். மாற்று எழுத்துரு அறிவிப்பில் சைஸ்-அட்ஜஸ்ட் 83 சதவீதம் என்று கொடுத்துத் தொடங்கி, துள்ளல் குறையும்வரை ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி இறக்குங்கள்.

உங்கள் இதழ் திரையில் மட்டுமே வருவதாக இருந்தால் என் யோசனை தலைகீழாகியிருக்கும். மலிவான, மங்கலான திரைகளிலும் லிப்ரே பாஸ்கர்வில் தாங்கும். தாளுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரே பக்கத்தில் உடல் உரைக்கு ஒன்று, அடிக்குறிப்புக்கு மற்றொன்று என்று கலப்பதுதான் வேண்டாம். இரண்டும் செரிஃப், இரண்டும் அமைதியானவை. கலந்தால் வாசகருக்கு ஏதோ பிழை நடந்ததாகத்தான் தோன்றும்.

உரிமை விஷயம்

‘பழைய எழுத்து, யார் கேட்கப் போகிறார்கள்’ என்பது பரவலான தவறான எண்ணம். பழையது பாஸ்கர்வில் வெட்டிய வடிவம். உங்கள் கணினியில் இருப்பது பிற்காலத்தில் ஒருவர் வரைந்து, இடைவெளி அமைத்து, நிரலாக்கிய கோப்பு. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஃபான்ட் கோப்புக்கு மென்பொருள் என்ற முறையில் உண்டு. வேறு சில நாடுகளில் வடிவத்துக்கே வடிவமைப்புரிமை பெற முடியும். எழுத்துருவின் பெயர் வணிகச் சின்னமாகவும் இருக்கலாம்.

கணினியோடு வரும் எழுத்துருக்கள் பொதுவாக அந்தக் கணினியில் ஆவணம் தயாரிக்கவும், பி.டி.எஃப்.பில் பதிக்கவும் அனுமதி தருபவை. அதே கோப்பை இணைய எழுத்துருவாக மாற்றி சர்வரில் ஏற்றுவது வேறு அனுமதி. காசு கொடுத்து வாங்கும் எழுத்துருவிலும் மேசைக்கணினி, இணையம், செயலி, மின்னூல் என்று பெரும்பாலும் தனித்தனி உரிமம் இருக்கும். சந்தா முறையில் வரும் எழுத்துரு சந்தா நின்றதும் கணினியிலிருந்து போய்விடும். பழைய இதழின் கோப்பை இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் எழுத்துரு காணவில்லை என்று வரும்.

நீங்கள் தேர்ந்த இரண்டும் எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. அச்சு, இணையம், மின்னூல் எதற்கும் தனிக் கட்டணம் இல்லை, இதழை விற்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது; கோப்பைப் பிறருக்குக் கொடுத்தால் உரிமக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே தலைப்புக்கும் கணினிப் பாஸ்கர்வில்லைத் தொடாமல், ஈபி கேரமாண்டையே 32 அல்லது 36 பாயின்ட்டில் வையுங்கள். அந்த அளவில் எழுத்து இடைவெளியை ஆயிரத்துக்கு 5 முதல் 10 வரை குறைத்தால் தலைப்பு சேர்ந்து நிற்கும்.

கேரமாண்ட் என்ற பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது ஓர் எழுத்துரு அல்ல, ஒரு கூட்டம். உங்கள் தொகுப்பு 1592-ஆம் ஆண்டு எகெனோல்ஃப்-பெர்னர் எழுத்து வார்ப்பகத்தின் மாதிரித்தாளைப் பார்த்து வரைந்தது. அதில் நேரெழுத்து க்ளோட் கேரமாண்டுடையது, இட்டாலிக் ராபர்ட் கிரான்ஜோனுடையது. அலுவலக மென்பொருளோடு வரும் ‘கேரமாண்ட்’ மோனோடைப் நிறுவனத்துடையது. அதற்கு மூலம், பின்னால் வந்த ஜான் ஜானோன் வெட்டிய எழுத்து. 1926-இல் அச்செழுத்து ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட் எழுதிக் காட்டும்வரை அச்சு உலகமே அதைக் கேரமாண்டுடையது என்று நம்பியிருந்தது. அகலமும் சாய்வும் வேறு வேறு. கட்டுரையாளர் அனுப்பும் கோப்பில் அந்தக் கேரமாண்ட் இருந்து, ஒட்டும்போது வடிவமைப்போடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டால், இரண்டு பத்தி மட்டும் வேறு எழுத்தில் நிற்கும். அவசரத்தில் கண்ணில் படாது. கட்டுரையை எப்போதும் வடிவமைப்பை நீக்கி ஒட்டுங்கள், இட்டாலிக்கை மட்டும் எழுத்து ஸ்டைலாக மாற்றிக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் பி.டி.எஃப்.பைத் திறந்து, அதன் பண்புகளில் உள்ள எழுத்துருப் பட்டியலில் ஈபி கேரமாண்ட் குடும்பத்தைத் தவிர வேறு பெயர் இல்லை, எல்லாவற்றுக்கும் எதிரே ‘எம்பெடட்’ என்று இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே பிளேட் போடச் சொல்லுங்கள்.